பச்சைப் படிக்கட்டின் இரண்டாம் பக்கம்

ஃபிராங்க்ளின் மாடி அறையைக் காலி செய்துகொண்டு போனபோது இரண்டு சாமான்களை விட்டுவிட்டுப் போனான். ஒன்று, ஸ்பீக்கரோடு கூடிய ரெக்கார்டு பிளேயர். இன்னொன்று, பழைய இசைத்தட்டுகள் அடுக்கிய அட்டைப்பெட்டி.

“ஹாலந்துக்கு இதையெல்லாம் தூக்கிட்டுப் போக முடியாதுக்கா. பிளேயரை நீங்க வச்சுக்கோங்க. தட்டை யாராவது கேட்டா குடுங்க. யாரும் கேக்கலன்னா பழைய பேப்பர்காரன்ட்ட போட்டுருங்க. அண்ணாச்சிட்டயும் சொல்லிட்டேன்” என்றான். தூத்துக்குடிப் பையன். சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கல்கத்தா பவானிபூரில் மஞ்சுளாவின் வீட்டு மாடியில் ஐந்து வருஷம் குடியிருந்தவன்.

மஞ்சுளாவுக்கு நாற்பத்தாறு வயது. ஆரணியிலிருந்து கல்யாணமாகி வந்து இருபத்து மூன்று வருஷம் ஓடிவிட்டது. கணவர் வேதாச்சலமும் அவளுமாக வீட்டின் கீழ்த்தளத்தில் மளிகைக் கடை நடத்தினார்கள். அப்பளம், புளி, காபித்தூள், இட்லி மாவு, ரயிலேறி வரும் சின்ன வெங்காயம். பகல் இரண்டு மணிக்கு ஷட்டரை இறக்கினால் நாலரைக்குத்தான் மறுபடி ஏற்றுவார்கள். அந்த இரண்டரை மணி நேரமும் வேதாச்சலம் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். மஞ்சுளாவுக்குப் பகலில் கண் மூடாது.

அப்படி ஒரு மத்தியானம், மாடியறையைப் பெருக்கப் போனவள் சும்மா இருக்கட்டுமே என்று பிளேயரைப் போட்டுப் பார்த்தாள். பெட்டியின் மேலாக இருந்த தட்டு ஒன்றை எடுத்தாள். உறையில் பச்சை வர்ணம் அடித்த படிக்கட்டுப் படம். ஆங்கிலத்தில் பெயரும் அதேதான் என்று எழுத்துக்கூட்டிப் புரிந்துகொண்டாள். எந்தப் பக்கம் என்று பார்க்காமல் வைத்து, முள்ளை இறக்கினாள்.

முதலில் கொஞ்ச நேரம் யாரோ கனமான மர பீரோவைத் தரையில் நகர்த்துவது போல ஒரு சத்தம். நகர்த்துகிறவன் நிறுத்தினான், யோசித்தான், மறுபடி நகர்த்தினான். பிறகு திடீரென்று ஒரு சாக்ஸஃபோன், வாலை மிதித்த பூனை மாதிரி வீறிட்டது. பாத்திர அலமாரி சரிந்து விழுந்தது போல டிரம்ஸ். மஞ்சுளா திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். அதற்குள் எங்கோ யாரோ சிரித்தார்கள். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தெருவில் ஈ காக்கை இல்லை.

மெஷின் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தாள். பாவம், அந்தப் பையன் ஆசையாகக் கொடுத்துவிட்டுப் போனான். இப்படி நான்கு நாளில் கெடுத்துவிட்டோமே என்று மனசு கேட்கவில்லை. மறுநாள் பிளேயரைத் துணியில் சுற்றிக்கொண்டு, அந்தத் தட்டையும் எடுத்துக்கொண்டு, ஜதின் தாஸ் பார்க் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி பார்க் ஸ்ட்ரீட்டில் இறங்கி, ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தாள். அங்கே பழைய ரெக்கார்டு விற்கிற நிமாய், பிளேயரும் ரிப்பேர் பார்ப்பார் என்று ஃபிராங்க்ளின் சொல்லியிருந்தான்.

நிமாய் ஐம்பது வயது மனிதர். பெஹாலாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். பிளேயரைத் திறந்து பார்த்தார், ஊசியைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார், பிறகு தன் கடையிலிருந்து ஒரு பழைய வங்காளிப் பாட்டைப் போட்டார். தேனாக வழிந்தது. அதை எடுத்துவிட்டு மஞ்சுளாவின் தட்டைப் போட்டார். பீரோ நகர்ந்தது, பூனை வீறிட்டது.

“மெஷின் டீக் ஆச்சே, பௌதி” என்றார் நிமாய் சாவதானமாக, மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, அண்ணி என்று வங்காளியில். “பாட்டுதான் இப்படி. அவங்க வேணும்னே இப்படித்தான் வாசிப்பாங்க.”

“வேணும்னேவா?”

“ஆமா. அவாண்ட் கார்ட் ஜாஸ். அமெரிக்காவுல அறுபதுகள்ல கிளம்பின கூட்டம். தாளம் வேணாம், ராகம் வேணாம்னுட்டு வாசிச்சவங்க.”

மஞ்சுளா பிளேயரைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் அந்த ‘வேணும்னே’ என்ற சொல் அவளோடேயே மெட்ரோவில் வந்தது, கடையில் உட்கார்ந்தது, புளியை எடை போடும்போதும் கூட நின்றது. வாசிக்கத் தெரியாமல் ஒருவன் தப்பாக வாசித்தால் அதில் ஆச்சரியம் இல்லை. தெரிந்தவர்கள் நாலு பேர் கூடி, வேண்டுமென்றே எதற்காக இப்படிச் செய்ய வேண்டும்? அதைத் தட்டாகப் போட்டு விற்கவும் ஒருத்தன், காசு கொடுத்து வாங்கவும் ஒருத்தன். இதில் என்னவோ இருக்கிறது, தனக்குத்தான் பிடிபடவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த நாள் இரண்டு மணிக்கு ஷட்டர் இறங்கியதும் மாடிக்குப் போய் அதே பக்கத்தை மறுபடி போட்டாள். அதற்கு மறுநாளும். ரசித்தாள் என்று சொல்ல முடியாது. பல் வலிக்கிற இடத்தை நாக்கு தொட்டுத் தொட்டுப் பார்க்குமே, அந்த மாதிரிதான் ஆரம்பத்தில். ஒரு வாரம் போனது. சாக்ஸஃபோன் வீறிடுவதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு வாங்குகிறது என்பது அப்போதுதான் காதில் விழுந்தது. அந்த மூச்சு கேட்ட உடனே டிரம்ஸ்காரன் கையைத் தூக்கிவிடுகிறான். அவன் தாளம் போடவில்லை, பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். பீரோ நகர்த்துகிற சத்தம் உண்மையில் ஆள் உயரத் தந்தி வாத்தியம், வில்லால் இழுக்கிறார்கள். உறையின் பின்பக்கம் அச்சிட்டிருந்த படத்தில் அதைப் பார்த்தாள்.

ஜகுபாபு பஜாரில் விடிகாலை மீன் இறங்கும்போது நாற்பது பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். புதிதாகப் போகிறவர்களுக்குத் தலை சுற்றும். மஞ்சுளாவும் கல்யாணமான புதிதில் பயந்துதான் போயிருக்கிறாள். இப்போது யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், யார் விலையை விட்டுக்கொடுக்கிறார்கள், யார் சும்மா வீம்புக்குக் கத்துகிறார்கள் என்று வாசலில் நின்றே அவளால் சொல்ல முடியும். இதுவும் அப்படிப் பழக வேண்டியதுதானோ என்று நினைத்துக்கொண்டாள்.

பெட்டியில் இருந்தவை பதினேழு தட்டுகள். எல்லாம் அந்தக் கூட்டத்துப் பாட்டுகள்தான். ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையாததால் அவளே பெயர் வைத்தாள். ‘மழை ரெக்கார்டு’, ‘சண்டைக்காரன் ரெக்கார்டு’, ‘கொசு ரெக்கார்டு’. ஒரு தட்டில் பியானோக்காரி ஒருத்தி முழங்கையால் வாசிக்கிறாள் என்று மஞ்சுளாவுக்குச் சந்தேகம். தன் முழங்கையை மேஜை மேல் வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

வேதாச்சலத்தின் தூக்கம் கெட்டது.

“இன்னா கர்மம்டி இது? எதிர்வீட்டு பௌதி என்னை நிறுத்திக் கேக்கறாங்க, வீட்டுல யாருக்காவது ஒடம்பு சரியில்லையான்னு.”

“சத்தத்த கொறச்சி வச்சிக்கிறேங்க.”

“அதுல இன்னாதான் இருக்குது?”

“தெரியலைங்க. அதத்தான் பாத்துக்கினு இருக்கேன்.”

வேதாச்சலம் நல்ல மனிதர். புரியாத விஷயத்தில் தலையிடமாட்டார். மறுநாளிலிருந்து காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்கினார்.

பதினேழும் மனப்பாடமான பிறகு மஞ்சுளா மறுபடி ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டுக்குப் போனாள். இந்த முறை கையில் பிளேயர் இல்லை. நிமாய் அவளைப் பார்த்ததும், விற்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, “தட்டுகள் எங்கே?” என்று கேட்டார்.

“வாங்க வந்திருக்கேன். அன்னைக்கு நான் கொண்டாந்தேன் இல்ல, அந்த மாதிரி.”

நிமாய் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து ஒரு கட்டை இழுத்தார். “இதெல்லாம் வாங்கிட்டுப் போனவங்க ஒரே வாரத்துல திருப்பிக் கொண்டாந்து குடுத்தது” என்றார். “அட்டை அழகா இருக்குன்னு எடுப்பாங்க. வீட்டுல போட்டதும் பொண்டாட்டி சண்டைக்கு வருவா. எனக்கும் இதை விக்கத் தெரியல.”

மஞ்சுளா அந்தக் கட்டில் நான்கைப் பொறுக்கி எடுத்தாள். கூடை மாதுளையில் எது உள்ளே சிவப்பு என்று தட்டிப் பார்த்து எடுக்கிற மாதிரி. எப்படித் தெரிந்தெடுக்கிறாள் என்று நிமாய்க்குப் புரியவில்லை. வாத்தியக்காரர்கள் பெயரை மட்டும்தான் அவள் பார்த்தாள். தனக்குப் பிடித்த டிரம்ஸ்காரன் வேறு எங்கெல்லாம் போய் வாசித்திருக்கிறான், யாரோடு சேர்ந்தால் அடக்கமாக இருக்கிறான், யாரோடு சேர்ந்தால் வம்பு பண்ணுகிறான் என்று அறிய அவளுக்கு ஆவல். இப்படியாக மாதம் இரண்டு முறை போக ஆரம்பித்து, மழைக்காலம் முடிவதற்குள் மாடியறையில் ஐம்பது தட்டுகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. அறையை வாடகைக்கு விடுகிற பேச்சை வேதாச்சலம் இரண்டு தடவை எடுத்தார். மூன்றாவது தடவை எடுக்கவில்லை.

நிமாயின் கடையில்தான் சேஷாத்ரியைப் பார்த்தாள். ஒரு தட்டின் மேல் அவள் கை வைத்த அதே நேரம் பின்னாலிருந்து இன்னொரு கை நீண்டது. “அட ராமா” என்று ஒரு முனகல். திரும்பினால், கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒல்லியாக ஒரு மனிதர். அலிப்பூர் கோர்ட்டில் வக்கீல். பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த ஊரிலேயே.

“தமிழா நீங்க?” என்றாள் மஞ்சுளா.

“அதை விடுங்கோ. இது என்ன ரெக்கார்டுன்னு தெரிஞ்சுதான் எடுக்கறேளா? உள்ள பாட்டு இருக்காது. ரெண்டு பேர் முப்பத்தெட்டு நிமிஷம் ஊதிண்டே இருப்பா.”

“தெரியுங்க. அதுல தாடிக்காரரு இருக்காரு இல்ல, அவரு வேற ஒரு தட்டுல கொஞ்சம்தான் வாசிச்சாரு. நெறைய வாசிச்சா எப்படி இருக்கும்னு பாக்கணும்.”

சேஷாத்ரி நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். பிறகு தன் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தார். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை, அவர் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடி ரெக்கார்டு கேட்பார்களாம்.

முதல் ஞாயிறு மஞ்சுளா வாயே திறக்கவில்லை. ஒரு கல்லூரிப் பேராசிரியர், இரண்டு கம்ப்யூட்டர் பையன்கள், பத்திரிகைக்காரர் ஒருவர், அப்புறம் வேறு சிலர். எல்லாரும் ஆங்கிலத்திலும் வங்காளியிலும் வருஷங்களையும் கம்பெனிப் பெயர்களையும் சொல்லிப் பேசிக்கொண்டார்கள். அவள் ஓரமாக உட்கார்ந்து கேட்டாள். சேஷாத்ரியின் ஸ்பீக்கர்கள் ஆள் உயரம். அதில் கேட்டபோது வாத்தியக்காரர்கள் நாற்காலியை நகர்த்துவதுகூடத் தெரிந்தது. அது ஒன்றே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டாம் முறை, ஜனவரி மாதம். சேஷாத்ரி பீடிகையோடு ஒரு தட்டை எடுத்தார். உறையில் பச்சைப் படிக்கட்டு.

“ஹாலிஸ் மார்ப்ரூ குவார்ட்டெட், நாலு பேர் கோஷ்டி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது. டெட்ராய்ட்ல ஒரு சின்ன கம்பெனி ஐந்நூறு காப்பி போட்டு, அதோட இழுத்து மூடிட்டான். இந்த ஊர்ல என்கிட்ட மட்டும்தான் இருக்கு” என்றார்.

என்னிடமும் இருக்கிறது என்று சொல்ல மஞ்சுளாவுக்கு வாய் வரை வந்தது. கூச்சமாக இருந்ததால் சொல்லவில்லை. முதல் பக்கம் ஓடியது. ஒவ்வொரு மூச்சும் அவளுக்குத் தெரிந்த இடத்தில் வந்தது. சேஷாத்ரி தட்டைத் திருப்பினார். இப்போது பீரோ நகரும் என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

நகரவில்லை. எடுத்த எடுப்பிலேயே சாக்ஸஃபோன் பாய்ந்தது. டிரம்ஸ் கூடவே ஓடியது. பத்து நிமிஷம் போயிற்று, பதினைந்து நிமிஷம் போயிற்று. யாரும் சிரிக்கவில்லை.

பாட்டு முடிந்து எல்லாரும் பெருமூச்சு விட்டபோது மஞ்சுளா சொன்னாள்: “இது வேறங்க.”

“எது வேற?”

“ரெண்டாவது பக்கம். எங்கிட்ட இருக்கறதுல பெரிய தந்தி வாத்தியம்தான் மொதல்ல தனியா வரும். ரொம்ப நேரம் வரும். அப்புறம்தான் ஊதறவரு வருவாரு. நடுவுல ஒருத்தர் சிரிப்பாங்க.”

அறையில் இரண்டொருவர் புன்னகைத்தார்கள். சேஷாத்ரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “உங்ககிட்ட இதே ரெக்கார்டு இருக்கா? சரி. ஆனா ஒரு ரெக்கார்டுக்கு ஒரு பாட்டுதான்மா இருக்கும். உங்க மெஷின் ஸ்பீடு தப்பா இருக்கலாம். இல்ல, வேற தட்டோட கொழப்பிண்டிருக்கேள்.”

“தினமும் கேட்டிருக்கேன். கொழம்ப மாட்டேன்” என்றாள் மஞ்சுளா. குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

அதற்குமேல் அங்கே உட்காரப் பிடிக்கவில்லை. “ஒரு மணி நேரத்துல வரேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். ஆட்டோ பிடித்து பவானிபூர் வந்து, கல்லாவில் இருந்த வேதாச்சலம் “இன்னா ஆச்சு?” என்று கேட்பதற்குள் மாடியேறி, தட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினாள். போகும் வழியெல்லாம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நாம்தான் கனவு கண்டோமோ? இத்தனை பேர் படித்தவர்கள்.

சேஷாத்ரி உறையை வாங்கிப் பார்த்தார். அச்சு ஒன்று. தட்டின் நடுவில் ஒட்டிய காகிதம் ஒன்று. எண் ஒன்று. “பாத்தேளா” என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே முள்ளை இறக்கினார்.

பீரோ நகர்ந்தது.

சேஷாத்ரி உட்காரப் போனவர் உட்காரவில்லை. அந்த இருபது நிமிஷமும் ஸ்பீக்கர் முன்னால் நின்றபடியே கேட்டார். அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் அந்தச் சிரிப்பு வந்தபோது, பேராசிரியர் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். மஞ்சுளா முதல் நாள் ஜன்னலைப் பார்த்தது போலவே.

முடிந்ததும் ஒரு கம்ப்யூட்டர் பையன் பூதக்கண்ணாடி கொண்டுவந்தான். பாட்டு முடிந்து காகிதம் ஒட்டியிருக்கும் இடத்துக்கு முன்னால் வெறுமையாக ஒரு வளையம் இருக்கும். அதில் தட்டு அச்சடிக்கிறவர்கள் ஊசியால் ஒரு எண்ணைக் கீறிவைப்பார்கள். சேஷாத்ரியின் தட்டில் அந்த எண்ணின் கடைசியில் இரண்டு என்று இருந்தது. மஞ்சுளாவின் தட்டில் ஒன்று.

“அப்போ ரெண்டு தடவை வாசிச்சிருக்கான்” என்றார் சேஷாத்ரி மெதுவாக. “மொதல்ல ஒண்ணை அனுப்பி, கொஞ்சம் காப்பி போட்டப்பறம் மாத்தியிருக்கான். இது எந்தக் கேட்டலாக்லயும் கிடையாது. ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, உலகத்துல ஒருத்தன் கவனிக்கல.” பிறகு அவள் பக்கம் திரும்பினார். “நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோங்கோ.”

ஏழெட்டுப் பேர் நடுவில் ஒரு வக்கீல் இப்படிச் சொல்வார் என்று மஞ்சுளா எதிர்பார்க்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

சேஷாத்ரி அதோடு நிற்கவில்லை. சுவர் முழுக்க அடுக்கியிருந்த தன் ரெக்கார்டுகளைக் காட்டி, “இதுல எது வேணும்னாலும் எடுத்துக்கோங்கோ. எத்தனை வேணும்னாலும். அந்த ஒண்ணை மட்டும் எனக்குத் தாங்கோ” என்றார்.

மஞ்சுளா அந்தச் சுவரைப் பார்த்தாள். ஆசை இல்லாமல் இல்லை. “இது என்னோடது இல்லைங்க” என்றாள். “ஒருத்தர் விட்டுட்டுப் போனது. அவரக் கேக்கணும்.”

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த மகள் சுபிக்ஷாவின் போனில் ஃபிராங்க்ளினைக் கூப்பிட்டாள். அவன் ஹாலந்தில் ஏதோ ஒரு ரயிலில் இருந்தான். விஷயத்தை முழுக்கச் சொன்னாள். அது அபூர்வமான தட்டு என்பதையும் மறைக்கவில்லை.



“அக்கா, உங்கள்ட்ட சொல்றதுக்கு என்ன? நான் அதை ஒரு தடவகூட முழுசாக் கேட்டதில்ல” என்றான் ஃபிராங்க்ளின். “எல்ஜின் ரோட்ல ஒரு பழைய வீட்டைக் காலி பண்ணாங்க. மொத்தமா வாங்கினேன். பெரிய கலெக்டர்னு பேர் எடுக்கணும்னு ஒரு ஆசை. அஞ்சு நிமிஷத்துக்கு மேல என்னால தாங்க முடியல பாத்துக்கோங்க.”

“கேக்காமயா வச்சிருந்தே?”

“வாங்குறதுதான்க்கா எனக்குப் பிடிச்சது. அது உங்க தட்டு. அன்னைக்கே உங்களுதுதான்.”

வாங்குவதில் சந்தோஷம் இருக்கலாம். அது அவளுக்கும் தெரியும். நிமாயின் கட்டைப் பிரிக்கும்போது அவள் விரலும்தான் பரபரக்கிறது. ஆனால் வைத்துக்கொண்டு கேட்காமல் ஐந்து வருஷம் இருப்பது எப்படி என்று அவளுக்கு விளங்கவே இல்லை. சேஷாத்ரிக்கு மறுநாள் போன் செய்து, “தட்டு எங்கிட்டயே இருக்கட்டுங்க. எப்ப கேக்கணும்னாலும் வாங்க” என்றாள். அவர் அதற்கு அடுத்த மத்தியானமே வந்துவிட்டார். வேதாச்சலம் தூக்கத்திலிருந்து எழுந்து அவருக்கு காபி போட்டுக் கொடுத்தார்.

இப்போது மஞ்சுளாவைப் புதிதாக ஒன்று அரித்தது. சிரித்தது யார்?

உறையில் நாலு பேர் பெயர் இருந்தது. சேஷாத்ரி தேடிப் பார்த்ததில் மூன்று பேர் காலமாகியிருந்தார்கள். பெரிய தந்தி வாத்தியம் வாசித்த வெர்னான் டில்பி மட்டும் டெட்ராய்ட்டில் அண்ணன் மகள் வீட்டில் இருந்தார். வயது எண்பத்து நாலு. சுபிக்ஷா எங்கெங்கோ தேடி அந்த அண்ணன் மகளின் இமெயில் விலாசத்தைப் பிடித்து இங்கிலீஷில் கடிதம் அனுப்பினாள். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. சித்தப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும், கூப்பிடலாம் என்று.

சனிக்கிழமை மாலை ஆறரை. அங்கே காலை எட்டு. கடையை வேதாச்சலத்திடம் விட்டுவிட்டு, அம்மாவும் மகளும் மாடியில் போனை ஸ்பீக்கருக்கு எதிரே நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். கிழவர் குரல் கரகரப்பாக, ஆனால் நிதானமாக இருந்தது.

“ஆரே மா, கைய ஏன் பிசையிற? பேசு” என்றாள் சுபிக்ஷா.

“ஹலோ சார். நான் மஞ்சுளா. கல்கத்தா. ரெக்கார்டு போடறேன்” என்று கடை இங்கிலீஷில் சொல்லிவிட்டு முள்ளை இறக்கினாள்.

இருபது நிமிஷமும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. போன் அறுந்துவிட்டதோ என்று சுபிக்ஷா இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். பாட்டு முடிந்த பிறகுதான் அவர் தொண்டையைச் செருமினார். பிறகு நிறையப் பேசினார். சுபிக்ஷா பாதித் தமிழும் பாதி வங்காளியுமாக அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“அன்னைக்கு சாக்ஸஃபோன் ஊதற ஹாலிஸோட வாத்தியத்துல சீவாளி மாதிரி ஒண்ணு இருக்குமாமே, அது பொளந்துபோச்சாம். வேற எடுக்கறதுக்குத் தன் காருக்கு ஓடினாராம். குளிர்ல தந்தி இறங்கிடக் கூடாதேன்னு இவர் சும்மா இழுத்துக்கிட்டு இருந்தாராம். டேப் ஓடறது தெரியாதாம். அவர் திரும்பி வந்து அப்படியே வாசிக்க ஆரம்பிச்சிட்டாராம். அப்புறம், இது சரியில்லைன்னு மறுபடி ஒரு தடவை வாசிச்சாங்க. அதுதான் வெளிய வந்துச்சுன்னு இன்னி வரைக்கும் நெனச்சிட்டிருந்தாராம். இதை அவர் கேட்டதே இல்லையாம் மா.”

“சிரிச்சது யாருன்னு கேளு.”

கிழவர் அந்த இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார். போட்டாள். இன்னொரு தடவை என்றார். போட்டாள்.

“அது அவர் இல்லையாம்” என்றாள் சுபிக்ஷா. “மத்த மூணு பேரோட சிரிப்பும் அவருக்கு நல்லாத் தெரியுமாம், அவங்களும் இல்லையாம். ரூம்ல வேற யாரும் இருந்ததா ஞாபகம் இல்லையாம். அவரே கேக்கறார், யாரா இருக்கும்னு.”

மஞ்சுளாவுக்கு ஏமாற்றம் வரவேண்டிய இடம். வரவில்லை. தன்னைப் போலவே அந்த மனிதரும் இனி யோசித்துக்கொண்டிருப்பார் என்பதில் ஒருவிதத் திருப்தி இருந்தது. இன்னொரு கேள்வி அவளிடம் பாக்கி இருந்தது. ஒரு வருஷமாக யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வி.

“சார்” என்று அவளே போனுக்கருகில் குனிந்தாள். “நோ தாளம், நோ பாட்டு. தென்... ஹவ் யூ நோ, எப்ப நிறுத்தணும்னு? வென் டு ஸ்டாப்?”

அந்தப் பக்கம் கிழவர் உரக்கச் சிரித்தார். இருமல் வந்து, அண்ணன் மகள் தண்ணீர் கொடுக்கும் சத்தம் கேட்டது.

“டிரம்ஸ்காரர் தோள்ல எப்பவும் ஒரு துண்டு போட்டிருப்பாராம்” என்றாள் சுபிக்ஷா, தானும் சிரித்துக்கொண்டே. “அவர் அதை எடுத்து மொகத்தைத் தொடச்சா, முடிக்கற நேரம்னு அர்த்தமாம். அவ்ளோதானாம். ஆனா கண்ணை மூடிக்கிட்டு வாசிச்ச நாள்ல அரை மணி நேரம் அதிகமாப் போயிடுமாம்.”

சேஷாத்ரி அந்தப் பாட்டை ஒலிப்பதிவு செய்து, கீறியிருந்த எண்ணையும் படம் பிடித்து, ரெக்கார்டுகளுக்கெல்லாம் பட்டியல் போடுகிற ஒரு இணையதளத்துக்கு அனுப்பினார். அங்கே இரண்டு வாரம் சண்டை நடந்தது. போலி என்றார்கள், வேறு ரெக்கார்டு என்றார்கள். கடைசியில் வெர்னான் டில்பியின் அண்ணன் மகள் எழுதிய கடிதத்துக்குப் பிறகு, பச்சைப் படிக்கட்டின் கீழே இரண்டு வரி சேர்த்தார்கள். கவனித்தவர் பெயர் என்ற இடத்தில் மஞ்சுளா வேதாச்சலம், கல்கத்தா என்று இருந்தது. வேதாச்சலம் அதை வாடிக்கையாளர்கள் இரண்டு பேரிடம் போனில் காட்டினார். என்ன ரெக்கார்டு என்று அவர்கள் கேட்டபோது, “அது கொஞ்சம் கேக்கக் கஷ்டமா இருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

மார்ச் மாதக் கூட்டத்துக்கு முதல் தட்டை மஞ்சுளாதான் கொண்டுவர வேண்டும் என்று சேஷாத்ரி சொல்லிவிட்டார். அவள் கொண்டுபோனதற்கு உறையே இல்லை. வெள்ளைக் காகிதத்தில் சுற்றியிருந்தது. நடுவில் ஒட்டிய லேபிளும் எந்தக் காலத்திலோ உரிந்துபோயிருந்தது. முந்தின நாள் நிமாயின் கடையில், யாரும் எடுக்காத சினிமாப் பாட்டுத் தட்டுகளுக்கு நடுவில் கிடந்தது.

“யார் வாசிக்கறா?” என்றார் பேராசிரியர்.

“தெரியாதுங்க.”

“என்ன வருஷம்?”

“அதுவும் தெரியாது. நானே இன்னும் கேக்கல. எல்லாரும் சேந்து கேப்போம்னு வச்சிருந்தேன்.”

சேஷாத்ரி ஒதுங்கி வழிவிட்டார். மஞ்சுளா தட்டின் இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கோடுகள் நெருக்கமாக இருந்த பக்கத்தை மேலே வைத்து, முள்ளை இறக்கினாள்.